வடிகட்டி கற்பித்த பாடம்

எங்கள் வீட்டில் ஆறு பேர். காரையும் சேர்த்தால் ஏழு. குடும்ப அட்டையில் அதன் பெயரைச் சேர்க்காததுதான் குறை என்று பாட்டி அடிக்கடி சொல்வார். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் எங்கள் தாத்தா. 1979ஆம் ஆண்டு செய்யப்பட்ட அந்த வெள்ளைக் காரை 1988ஆம் ஆண்டு பழைய விலைக்கு வாங்கினார். அப்பாவின் திருமணம் அதில்தான் நடந்தேறியது. நாங்கள் இருவரும் இரட்டையராய்ப் பிறந்த இரவில், அம்மாவின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், அவரை மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும் அதே கார்தான். அன்று பாட்டி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆயினும் ஆண்டுதோறும் கொடியேற்றத்தை ஒட்டி வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம்.

அந்தக் காரைப் பற்றி எழுதுகிறோம் என்று சிஸ்டரிடம் சொன்னபோது, "காரைப் பற்றியா?" என்று புன்னகைத்தார். உண்மையில் இது காரின் மிகச் சிறிய ஓர் உறுப்பைப் பற்றியும், நாங்கள் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியும் ஆன கட்டுரை.

எல்லோரும் 'பியட்' என்று அழைக்கும் அந்த வண்டியின் முழுப்பெயர் பிரிமியர் பத்மினி. இத்தாலி நாட்டுப் பியட் 1100 காரை, வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரிமியர் நிறுவனம் பம்பாய் குர்லாவில் உரிமம் பெற்றுச் செய்தது. 1970களில் அதற்கு இராணி பத்மினியின் பெயரைச் சூட்டினார்கள். என்ஜினின் கொள்ளளவு 1089 கன சென்டிமீட்டர். கியர்த் தண்டு ஸ்டியரிங்குக்கு அருகிலேயே இருக்கும். பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஓடியவை பெரும்பாலும் இவையே. அந்த நகரில் கடைசிப் பத்மினி டாக்சி 2023ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றதாகச் செய்தித்தாளில் வந்தபோது, தாத்தா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டு நிறைந்த வண்டியைத்தான் 2021ஆம் ஆண்டு விதிகள் 'விண்டேஜ்' என்று மதிக்கின்றன. எங்கள் காருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 2029 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளும் சாதாரணக் குடிமகன்தான்.

தாத்தாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. 1988 முதல் காருக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் அதில் தேதியோடும் கிலோமீட்டரோடும் பதிவாகியிருக்கும். எண்ணெய் மாற்றியது, டயர் வாங்கியது, ஒருமுறை பூனை குட்டி போட்டதால் பத்து நாள் வண்டியை எடுக்காதது முதற்கொண்டு எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். மூன்று ஆண்டுகளாக அந்தக் கையெழுத்து கோணத் தொடங்கியது. தாத்தாவுக்குக் கைநடுக்க நோய். திருகுளியைத் திருகின் பள்ளத்தில் வைக்க அவரால் முடியவில்லை. ஒரு நாள் எங்களை அழைத்து, "இனிமே நீங்கதான் என் கை" என்றார். அன்று முதல் காரின் சிறு வேலைகள் எங்கள் பொறுப்பாயின. பெரிய வேலைகளுக்குச் சிதம்பரத்திலிருந்து மெக்கானிக் மாமா வருவார். அவர் தாத்தாவிடம் தொழில் நுணுக்கம் கேட்டு வளர்ந்தவர்.

எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை பெட்ரோல் பில்டர்.

காப்பி வடிகட்டியை அறியாத தோழியர் யாரும் இருக்கமாட்டீர்கள். பெட்ரோல் பில்டரும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. காரின் பின்புறத் தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வண்டியின் அடிவழியே முன்னால் வருகிறது. என்ஜினோடு பொருத்திய சிறு பம்பு அந்தப் பெட்ரோலை இழுக்கிறது. பம்புக்குள் தோல் போன்ற ஒரு சவ்வு உண்டு. அதை டயாபரம் என்பார்கள். என்ஜின் சுழலச் சுழல அது மேலும் கீழும் அசைந்து பெட்ரோலைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் புகுந்து வரும் துளைகள் ஊசிமுனை அளவுதான். ஒரு துரும்பு போதும், அடைத்துக்கொள்ளும். அதனால் பம்புக்கு முன்னால், குழாயின் நடுவே, கட்டைவிரல் அளவுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதற்குள் மடிப்பு மடிப்பாக வெள்ளைக் காகிதம் இருக்கும். அந்தக் காகிதம்தான் அழுக்கைத் தடுத்து நிறுத்துகிறது. விலை நூறு ரூபாய் அளவுகூட இருக்காது.

புதிய கார்களைவிடப் பழைய கார்களுக்கு இதன் தேவை அதிகம். இரும்புத் தொட்டி பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளே ஈரம் துளிர்க்கும். ஈரத்தால் துரு உண்டாகும். கடற்காற்று எட்டும் எங்கள் ஊரில் துருவுக்கு அழைப்பே வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் எங்கள் கார் மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது நடராசர் கோயிலுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அத்தனை ஈரத்தையும் கார் தாழ்வாரத்தில் நின்றபடியே வாங்கிக்கொண்டது. பின்னர் பெட்ரோலும் மாறியது. நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 2022இல் 10 விழுக்காட்டையும், 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் குணமுடையது. ஓர் அளவுவரை நீரைத் தன்னோடு கலந்து வைத்திருக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கக்கூடும். தொட்டிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்த படிவை இளக்கியும் விடும். இவ்வளவும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்தக் கட்டைவிரல் அளவுக் கூடுதான்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். வேளாங்கண்ணிப் பயணத்துக்கு முன்பாக மெக்கானிக் மாமா வந்து பம்புக்குப் புதிய டயாபரம் போட்டுச் சென்றார். "பில்டரை மட்டும் பாப்பாங்க மாத்திடட்டும்" என்று புதிய பில்டர் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை மேசை இழுப்பறையில் வைத்தோம். அன்று மழை. மறுநாள் விளையாட்டு விழாப் பயிற்சி. அதற்கடுத்த நாள், கையில் பெட்ரோல் வாசம் ஒட்டினால் வகுப்பில் கேலி செய்வார்களே என்ற கூச்சம். சனிக்கிழமை மாலை தாத்தா நாற்காலியில் அமர்ந்தபடி கேட்டார்: "பில்டர் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு தாத்தா" என்றோம்.

எங்களில் யார் முதலில் சொன்னது என்பது எங்களுக்குள் இன்றும் தீராத வழக்கு. சொன்னது ஒருத்தி என்றால், மறுக்காமல் நின்றது மற்றவள். "நோட்டுல எழுதிடுங்கம்மா" என்றார் தாத்தா. எழுதினோம். "23-8-2025. பெட்ரோல் பில்டர் மாற்றியாயிற்று." எங்கள் கையெழுத்து நடுங்கவில்லை.

ஆகஸ்டு 30, சனிக்கிழமை, விடிவதற்கு முன் நான்கு மணிக்குப் புறப்பட்டோம். உடல்நிலை காரணமாகத் தாத்தா வீட்டில் தங்கிவிட்டார். பக்கத்து வீட்டு அத்தை அவருக்குத் துணையிருந்தார். அப்பா வண்டியை ஓட்ட, அம்மா முன்னால், நாங்கள் பாட்டியோடு பின்னால். பாட்டிக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டுக்கொண்டவர், மாதாவைப் பார்த்த பிறகே சாப்பிடுவேன் என்று பிடிவாதமாக இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஊருக்குள் வண்டி ஒழுங்காகவே போயிற்று. சாலை காலியானதும் அப்பா வேகத்தைக் கூட்டினார். கொள்ளிடப் பாலத்தை நெருங்கும் ஏற்றத்தில் கார் குலுங்கியது, திணறியது, நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்துச் செல்ப் போட்டால் கிளம்பியது. நூறு அடி போய் மீண்டும் நின்றது. இப்படி நான்கு முறை. பாலத்தின் தொடக்கத்தில் முற்றிலும் நின்றுபோனது. பின்னால் லாரிகளின் ஒலி. முன்னால் ஆற்றின் மேல் இருட்டு.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்லும் கூட்டம் ஒன்று காவி உடையில் அவ்வழியே வந்துகொண்டிருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே ஆறேழு பேர் தோள் கொடுத்து வண்டியைப் பின்னோக்கித் தள்ளி, சாலை ஓரத்தில் பத்திரமாக நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் நடந்து வெடித்திருந்த கால்கள் அவர்களுடையவை.

அப்பா தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசினார். தாத்தா கேட்ட முதல் கேள்வி, "பில்டர்?" என்பதே. அப்பா, "அதான் புதுசு போட்டாச்சே" என்றார். தாத்தா சற்று யோசித்து, "அப்ப பம்பாத்தான் இருக்கணும்" என்றார். பம்பு என்றதும் அப்பாவின் கோபம் மெக்கானிக் மாமாவின் மேல் திரும்பியது. அவரைத் தொலைபேசியில் எழுப்பி, "பத்து நாள் ஆகலை, என்ன வேலைய்யா செஞ்சே?" என்று கேட்டார். அப்பா அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அந்த நேரத்தில் நாங்கள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அரைமணி நேரத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் மாமா வந்து சேர்ந்தார். ஒரு சொல்லும் பதில் சொல்லாமல், டார்ச்சை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பம்பைக் கழற்றினார். சவ்வைத் தடவிப் பார்த்தார். வால்வுகளை ஊதிப் பார்த்தார். தன் வேலையில் தானே பிழை தேடிக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு நாங்கள் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தோம்!

அதற்குள் பாட்டிக்கு வியர்த்துக் கொட்டி, தலை சாய்ந்தது. அப்பாவும் அம்மாவும் அவரிடம் ஓடினார்கள். நடைப்பயணத்தில் வந்த அம்மாள் ஒருவர் தம் பையிலிருந்து குளுக்கோசை எடுத்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். பாட்டி மெல்ல மெல்லக் கண் விழித்தார். அந்தச் சில நிமிடங்களில் நாங்கள் பட்ட அச்சத்தை எழுத எங்களுக்குத் தமிழ் போதவில்லை. எங்களுக்காக நேர்ந்துகொண்ட பாட்டி, எங்கள் சோம்பலால் சாலை ஓரத்தில் கிடந்தார்.

அந்த வேளையில்தான் மாமா பில்டரின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே இருந்த காகிதம் செங்கல் நிறத்தில் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தம் பையில் இருந்த ஒரு புதிய பில்டரை எடுத்துப் போட்டு, பழையதைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வண்டி ரெடி சார். அம்மாவுக்கு முதல்ல இட்லியைக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கொடுத்த கூலியில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். "வேலையை ஒழுங்கா செஞ்சிருந்தா இந்தக் கூலியே தேவையில்லை" என்று அப்பா முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

வேளாங்கண்ணியில் பாட்டி மெழுகுவத்தி ஏற்றினார். எங்கள் கையிலும் ஆளுக்கொன்று கொடுத்தார். ஏற்றினோம். ஆனால் எதை வேண்டுவது என்று தெரியவில்லை.

அன்றிரவே தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதோம். இழுப்பறையிலிருந்து உறை பிரிக்காத பில்டரை எடுத்து அவர் முன் வைத்தோம். தாத்தா கோபிக்கவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்கிட்ட சொன்னது சரி. ஆனா ஏச்சு வாங்கினது நானில்லையே" என்றார்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னோம். அப்பா எங்களை அழைத்துக்கொண்டு மாமாவின் பட்டறைக்கு வந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும் பாப்பா. புது பில்டர் ஒரு வாரத்துல அந்த நிறத்துக்கு வராது. பாட்டி அப்படிக் கிடந்த நேரத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்." பிறகு அப்பாவைப் பார்த்து, "நான் போட்ட பம்பு நல்ல பம்பு சார்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பம்புதான். நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார். எங்கள் பொய்க்காக அப்பா தலைகுனிந்து நின்றதை நாங்கள் மறக்கமாட்டோம்.

இப்போது ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது பில்டரை மாற்றுகிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை அதன் நிறத்தைப் பார்க்கிறோம். செய்முறையைத் தோழியருக்கும் சொல்கிறோம். வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருக்க மட்டுமே செய்யுங்கள்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமான திறந்த வெளியில், அடுப்பு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும், பொறி பறந்தால் ஆபத்து. தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து மூடினால் உள்ளழுத்தம் தணியும். பில்டரின் கீழே ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு, இரு பக்கக் கவ்விகளையும் தளர்த்தி, குழாய்களை முறுக்கி மெதுவாக இழுக்க வேண்டும். தொட்டிப் பக்கக் குழாயின் வாயைச் சுத்தமான போல்ட் ஒன்றால் உடனே அடைத்துவிட வேண்டும். புதிய பில்டரின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது பெட்ரோல் ஓடும் திசையை, அதாவது பம்பை நோக்க வேண்டும். கவ்வியை இறுக்கமாகத் திருகலாம், ஆனால் ரப்பரை அறுக்கும் அளவுக்குக் கூடாது. கம்பியை மாட்டி, வண்டியைக் கிளப்பி, ஐந்து நிமிடம் கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பழைய பில்டரை எறிவதற்கு முன் அதிலுள்ள பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். செந்தூள் அடியில் படிந்தால் தொட்டி துருப்பிடிக்கிறது. கறுப்புத் துணுக்குகள் தெரிந்தால் ரப்பர்க் குழாய் நைந்திருக்கலாம். அடியில் தனியே ஒரு நீர்ப்படலம் நின்றால் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தப் பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு செய்தி. அடைபட்ட பில்டர் மெதுவாக ஓடும்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. கொஞ்சம் பெட்ரோல் போதும் என்பதால் வண்டி நன்றாகவே ஓடும். ஏற்றம் வரும்போதுதான், மிகுதியாகத் தேவைப்படும்போதுதான், கைவிடும். நின்ற வண்டி சற்று ஓய்ந்தபின் கிளம்பியதும் அதனால்தான். அந்த இடைவேளையில் பெட்ரோல் துளித்துளியாய் ஊறி வந்து நிரம்பியிருக்கிறது. அன்று பாலத்தில் கார் இதைத் தெளிவாகவே சொன்னது. உண்மை மட்டும் தெரிந்திருந்தால் மாமா ஐந்தே நிமிடத்தில் சரிசெய்திருப்பார். எங்கள் பொய் நோயை மறைத்து, மருத்துவரையும் திசை திருப்பிவிட்டது.

நன்னெறி வகுப்பில் சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, கன்னியர் ஒவ்வோர் இரவும் செபத்தின்போது ஆன்ம சோதனை செய்யும் வழக்கத்தைப் பற்றிக் கூறினார். அன்றைய நாளில் செய்ததையும் செய்யத் தவறியதையும் அமைதியாக எண்ணிப் பார்ப்பார்களாம். "ஒரு நாள் கசடு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நாள்தோறும் பார்க்கிறோம்" என்றார். கசடு என்ற சொல்லைத் திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தில் வைத்திருப்பதை அன்று நாங்கள் புதிதாக உணர்ந்தோம்.

தாத்தாவின் நோட்டில் 23-8-2025 என்ற வரி இன்னும் இருக்கிறது. அதை அழித்துவிடலாமா என்று கேட்டோம். தாத்தா சம்மதிக்கவில்லை. "நோட்டுல எதையும் அடிக்கக் கூடாது. கீழே உண்மையை எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினோம்: "மேலே உள்ள வரி பொய். அன்று பில்டர் மாற்றவில்லை. ஆகஸ்டு 30 அன்று கொள்ளிடப் பாலத்தில் மெக்கானிக் மாமா மாற்றினார். பம்பில் குறை எதுவும் இல்லை." தாத்தா பேனாவை வாங்கி, இரு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் கீழே தம் கையெழுத்தைப் போட்டார். அந்தக் கையெழுத்து மிகவும் நடுங்கியிருந்தது. ஆனாலும் அந்த நோட்டில் நாங்கள் பெருமையோடு காட்டக்கூடிய பக்கம் அதுதான்.

— சகோதரியர் இருவர், பதினொன்றாம் வகுப்பு